ஆளில்லாத நாற்காலியின் உத்தரவு

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் கிடைக்கவில்லை. இலங்கையில் எங்கள் ஹட்டனில் ரயில் என்றால் கொழுந்து எடுக்கிற பெண்ணும் ஏறுவாள், கோழிக் கூடையும் ஏறும். இங்கே அது வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் ரயில். இடமெல்லாம் எப்போதோ போய்விட்டது என்றார்கள். நீலப் பெட்டி என் கண் முன்னால் புகை விட்டுக்கொண்டு போனது. நான் பஸ்ஸில் ஏறினேன்.

பர்லியாறு தாண்டியதும் ஒரு லாரி வளைவில் சிக்கி நின்றது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. எல்லோரும் இறங்கினோம். வந்த வழியே கொஞ்சம் கீழே நடந்து கடையில் மங்குஸ்தான் வாங்கித் தின்றேன். இந்தியாவில் நான் தின்ற முதல் சாப்பாடு எங்கள் ஊர்ப் பழம். விலை மட்டும் எங்கள் ஊர் விலை இல்லை.

இந்தப் பயணம் ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் அக்கா ஞானம்மா போன் பண்ணியிருந்தாள். "தம்பி, ஊட்டக் காலி பண்ணச் சொல்றாங்க. நீ ஒரு தடவ வந்து என்னான்னு கேட்டுட்டுப் போ" என்றாள். அவள் எதற்கும் என்னைக் கூப்பிடுகிறவள் அல்ல. புருஷன் செத்தபோதும் கூப்பிடவில்லை. அதனால் வந்தேன்.

அக்கா கல்யாணமான கையோடு தாயகம் திரும்பியவர்களோடு கப்பல் ஏறிப் போனவள். நாங்கள் தங்கிவிட்டோம். அவள் கொஞ்ச காலம் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை செய்தாள். அப்புறம் ஊட்டியில், பெர்ன்ஹில் போகிற வழியில் இருக்கிற ஒரு கிறிஸ்தவக் கோயிலில் வேலை கிடைத்தது. கூட்டுவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, மணி அடிப்பது, கதவு திறப்பது, பூட்டுவது. கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் குதிரைக்காரன் இருந்த வீடாம். கோயிலின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அக்காவுக்குத்தான் தொந்தரவு.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா வாசலில் நின்றாள். இருவரும் அழவில்லை. "மெலிஞ்சிட்ட" என்றாள். "நீயுந்தான்" என்றேன். உள்ளே போய் பிளேன்டீ குடித்தோம். வர்க்கி என்று ஒன்று வைத்தாள். இந்த ஊரில் எல்லோரும் தேநீரோடு அதைத்தான் கடிக்கிறார்கள். மொறுமொறுப்பாக, அடுக்கடுக்காக இருக்கும். வாயில் போட்டால் சட்டையெல்லாம் தூள். ராத்திரிக்கு ரொட்டி தட்டி, மிளகாயும் வெங்காயமும் வைத்துக் கட்டசம்பல் இடித்தாள். அதில் போடுகிற மாசிக் கருவாடு நான் கொண்டுபோயிருந்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் கடையில் பாண் கேட்கிறாளாம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பிரெட் எடுத்துக் கொடுப்பாராம்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். சில வருஷத்துக்கு முன் இந்த மலைக்கென்று தனிப் பேராயர், அதாவது பிஷப், வேண்டும் என்று திருமண்டலத்தைப் பிரித்தார்கள். பேராயருக்கு ஒரு நாற்காலி வேண்டும். அது இருக்கிற கோயில்தான் பேராலயம். அக்கா கூட்டுகிற கோயிலில் அந்த நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றிலிருந்து அது பேராலயம். வேறு ஒன்றும் மாறவில்லை. கூரை அதே இடத்தில் ஒழுகுகிறது.

இப்போது பின்னால் இருக்கிற வீட்டை இடித்து, வருகிற போகிற பெரியவர்கள் தங்க ஓய்வு விடுதி கட்டப் போகிறார்களாம். புதுப் பேராயர் ஞாயிற்றுக்கிழமை பதவி ஏற்கிறார். அதற்குள் காலி பண்ண வேண்டும். யார் சொன்னது என்று கேட்டேன். கமிட்டி செயலர் வந்து சொன்னாராம். அவருக்கு யார் சொன்னது? "மேலிடம்" என்றாராம்.

"போனா எங்க போவ?"

"அதத்தான் யோசிச்சிட்டு இருக்கேன்" என்றாள். அவள் மகன் திருப்பூரில் ஒரே அறையில் குடும்பத்தோடு இருக்கிறான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்துக் கோயிலில் நான் சனங்களின் வார்டன், கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற ஆள். குருவானவர் ஒரு வார்டனை வைத்துக்கொள்வார். சனங்கள் ஒரு வார்டனை வைத்துக்கொள்வார்கள். உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் கூட்டம் போட்டு, கை தூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருஷம் கை தூக்க மாட்டார்கள். நான் படித்தவன் அல்ல. கோயில் நடத்துவது என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் ஆயரைப் பார்க்கப் போனேன். பேராலயத்துக்கு அவர்தான் ஆயர்; நாங்கள் குருவானவர் என்கிறவரை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். இளவயதுக்காரர். மரியாதையாக உட்கார வைத்தார். காப்பி கொடுத்தார். அக்கா நல்லவள் என்று நாலு தரம் சொன்னார். பிறகு கையை விரித்தார்.

"நான் இங்க ஆராதனை நடத்தறவன் மட்டும்ங்க. கட்டடம், ஊடு, நிலம் எல்லாம் என் கையில இல்லீங்க."

இது பேராலயம் ஆவதற்கு முன்னால் யார் கையில் இருந்தது என்று கேட்டேன். சபைக் கூட்டத்தின் கையில் இருந்ததாம். வருஷம் ஒரு தரம் எல்லோரும் கூடுவார்களாம். அக்காவுக்கு அந்த வீட்டை அப்படித்தான் கொடுத்தார்கள். உயிரோடு இருக்கிறவரைக்கும் இருக்கட்டும் என்று சபை முழுவதும் கை தூக்கியது. அக்கா அப்போது பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தில் தலையைத் தூக்கவே இல்லையாம்.

அந்தக் கூட்டம் இப்போது எப்போது என்றேன்.

"அந்தக் கூட்டமே இப்ப இல்லீங்க" என்றார் ஆயர். பேராலயம் ஆனதும் அந்த வழக்கம் போய்விட்டது. கமிட்டியில் பாதிப் பேரைப் பேராயர் நியமிப்பார். மீதிப் பேரை அந்தப் பாதிப் பேர் பார்த்துச் சேர்ப்பார்கள். இங்கிலாந்தில் இப்படி இல்லை என்றும் அவரே சொன்னார். அங்கே பேராலயத்துக்கு டீன் என்று ஒருவர் தலைவர். அவரோடு சேர்ந்து முடிவு எடுக்க ஒரு குழு. பேராயருக்கு நாற்காலி உண்டு, ஆனால் கோயிலைக் குழுதான் நடத்தும். பேராயரே விருந்தாளி மாதிரிதான் வரவேண்டும். இங்கே நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குழுவை எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் இதை வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கு அந்த வருத்தத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. செயலரைப் பாருங்கள் என்றார்.

செயலருக்குக் கேத்தியில் காரட் தோட்டம். பஸ்ஸில் போனேன். கேத்தி பாலாடாவில் இறங்க வேண்டும். கண்டக்டர் கேத்தி என்று கத்தியதும் நான் முந்திக்கொண்டு இறங்கிவிட்டேன். அங்கிருந்து நடக்க வேண்டியதாயிற்று. பள்ளத்தாக்கு முழுவதும் படிக்கட்டு மாதிரி வயல். காரட், முட்டைக்கோஸ், பீட்ரூட். எங்கள் நுவரெலியா மாதிரியேதான். குளிரும் அதே குளிர். வழியில் ஒரு பெண் வரப்பில் நின்று காரட் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வழி கேட்டேன். வழியும் சொல்லி, ஒரு காரட்டை மண் தட்டிக் கையில் கொடுத்தாள். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த நேரான பதில் அது ஒன்றுதான்.

செயலர் காரட் கழுவும் இடத்தில் நின்றார். பெரிய இரும்பு உருளை சுற்றுகிறது. மண்ணோடு உள்ளே போகிற காரட் சிவந்து வெளியே விழுகிறது. இரைச்சலில் கத்திப் பேச வேண்டியிருந்தது. நான் ஞானம்மாவின் தம்பி என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, இதுக்காகவா சிலோன்ல இருந்து வந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

"சிலோன்காரங்களுக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் ஊட்டுப் பிரச்சனைதானுங்க" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் சாக்குப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் படுகு மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். அதில் ஒருவர் பிறகு என்னோடு பஸ் நிறுத்தம் வரை வந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "உங்க அக்கா மணி அடிக்கலீன்னா இந்த ஆளு ஞாயித்துக்கிழமை எந்திரிக்கவே மாட்டான்னு சொன்னேன்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. செயலரின் பேச்சு நெஞ்சில் நின்றது. எங்கள் சனங்கள் இரண்டு நாட்டுக்கும் தேயிலை போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாட்டிலும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு அறையைக்கூடச் சொந்தம் என்று சொல்ல முடியவில்லை. அதை ஒருவன் காரட் கழுவிக்கொண்டே சிரித்துச் சொல்கிறான். அவனும் அதே பெஞ்சில் முழங்கால் போடுகிறவன்.

விஷயத்துக்கு வருகிறேன். காலி பண்ணச் சொல்லி முடிவு எடுத்தது தான் இல்லை என்றார் செயலர். கமிட்டி சிபாரிசுதான் செய்யும். கமிட்டி சிபாரிசு செய்ததா என்றேன். இன்னும் கூடவில்லை என்றார். நிலம் திருமண்டலத்துச் சொத்து, குன்னூரில் சொத்து அலுவலர் இருக்கிறார், அங்கே கேளுங்கள் என்றார்.

அடுத்த நாள் குன்னூர் போனேன். பஸ் நிலையத்தில் ஜெகதளா பஸ்ஸில் ஏறுகிற தேயிலைக்காரர்கள் கூட்டம். கையில் கொழுந்து வெட்டும் கத்தரி. இங்கே கத்தரியால்தான் வெட்டுகிறார்கள். எங்கள் ஊரில் விரலால் கிள்ளுவோம். கத்தரி பட்ட செடி தலை மழித்த பிள்ளை மாதிரி நிற்கிறது. ஒரு கடையில் இட்லி சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. சாம்பாரில் இனிப்பு. அது மட்டும் ஒத்துவரவில்லை.

சொத்து அலுவலர் வயதானவர். கம்பளி மஃப்ளர் சுற்றியிருந்தார். பொறுமையாகக் கேட்டார். சொத்து ஒரு டிரஸ்ட்டின் பேரில் இருக்கிறது, டிரஸ்ட் தானாக எதையும் செய்யாது, பேராயர் சொன்னால் செய்யும் என்றார்.

பேராயர் சொன்னாரா?

"பேராயர் எங்கீங்க இருக்காரு? பழையவரு ஓய்வு பெற்றுப் போயிட்டாரு. புதுசா வர்றவரு ஞாயித்துக்கிழமைதான் ஆசனத்துல உக்காரப் போறாரு. இப்ப ஆசனம் காலி."

பொறுப்புக்கு யாருமில்லையா என்று கேட்டேன். இன்னொரு ஊர்ப் பேராயர் பொறுப்பில் இருக்கிறாராம். அவர் இந்த மலைக்கு ஒரு தரம்தான் வந்தாராம். அப்போதும் மழையென்று காரிலிருந்து இறங்கவில்லையாம்.

பிறகு காலி பண்ணச் சொன்ன மேலிடம் எது? அலுவலர் மஃப்ளரைச் சரி செய்தார். "பொதுவா மேலிடம்னு சொல்றதுங்க" என்றார்.

வெளியே வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் சட்டென்று வராது. அன்று வந்தது. ஆயர் இல்லை என்கிறார். கமிட்டி இல்லை என்கிறது. டிரஸ்ட் இல்லை என்கிறது. பேராயர் இன்னும் வரவேயில்லை. இருக்கிறது ஒரு நாற்காலிதான். ஆளில்லாத நாற்காலி என் அக்காவை வீட்டை விட்டுப் போகச் சொல்கிறது. தோட்டத்தில் ஒரு துரை போகச் சொன்னால் அவன் பங்களா முன்னால் போய் உட்காரலாம். நாற்காலி முன்னால் எப்படி உட்காருவது? அதற்கு மெழுகு தேய்ப்பவளே அக்காதான்.

சனிக்கிழமை ஒத்திகை. எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புதுப் பேராயர் சும்மா உள்ளே வர முடியாது. பெரிய கதவை உள்ளேயிருந்து சாத்திவிடுவார்கள். அவர் வெளியே நின்று மேய்ப்பன் கோலால் மூன்று தரம் தட்ட வேண்டும். உள்ளேயிருந்து ஆயர் யாரென்று கேட்பார். அவர் பதில் சொல்வார். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும். பேராலயம் பேராயருடையது அல்ல, சபை வரவேற்றால்தான் அவர் உள்ளே வரலாம் என்று அர்த்தமாம். இங்கிலாந்து வழக்கத்தில் இதையும் விடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும் அல்லவா.

கதவைத் திறப்பது யார்? கோயில் ஊழியர். அக்கா.

செயலர் அவளிடம் மெதுவாகச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "நாளைக்கு வெள்ளைச் சேலை கட்டிட்டு வந்து நல்லபடியா கதவைத் திறந்துடுங்க. ஆராதனை முடிஞ்சு விருந்து ஆனதும் ஊட்டுச் சாவியக் குடுத்துடுங்க. சரீங்களா?"

அக்கா சரி என்றாள்.

அன்று சாயங்காலம் நான் அவளிடம் சத்தம் போட்டேன். கதவைத் திறக்காதே என்றேன். தட்டட்டும், கை வலிக்கட்டும் என்றேன். அவள் சேலையை மடித்து, தலையணைக்குக் கீழே வைத்து, அதன் மேல் படுத்தாள். இஸ்திரி அப்படித்தான். "தொறக்காம இருந்தா அவருக்கு என்னா தெரியும்? பூட்டு கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவாரு" என்றாள். 

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்துவிட்டது. கீழே சமவெளியிலிருந்தெல்லாம் கார்கள். நான் கதவோரமாகத் தூண் பக்கத்தில் நின்றேன். கதவு சாத்தினார்கள். உள்ளே இருட்டு. பாட்டு நின்றது. மூன்று தட்டு விழுந்தது. ஆயர் மைக்கில் கேட்டார். "கதவைத் தட்டுகிறது யார்?" வெளியேயிருந்து குரல் வந்தது. "கர்த்தருடைய ஊழியன். உங்கள் மத்தியில் ஊழியம் செய்ய வந்திருக்கிறேன்."

அக்கா தாழ்ப்பாளை எடுத்தாள். இரண்டு கதவையும் திறக்க வேண்டும். அவள் ஒன்றை மட்டும் திறந்தாள். திறந்த இடத்தில் நின்றுகொண்டாள். வெளியே பேராயர். தொப்பியில் மழைத்துளி.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஆயரின் கையிலிருந்த மைக் பக்கத்தில் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

"ஐயா, வணக்கம். கோயிலுக்குப் பின்னால ஊட்டுல நான் இருக்கேனுங்க. மேலிடத்துல சொல்லிட்டாங்க, காலி பண்ணுன்னு சொன்னாங்க. நீங்க சொன்னீங்களா?"

பேராயர் திகைத்துவிட்டார். பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். 

"நான் சொல்லலியேம்மா" என்றார். "நான் இப்பத்தானே வர்றேன்."

"அப்பச் சரிங்க. உள்ள வாங்க" என்று சொல்லி மற்றக் கதவையும் திறந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா கதவோரம் இருந்த மழைத்தண்ணீரைத் துணி போட்டுத் துடைத்தாள்.

விருந்துக்குப் பிரியாணி.  செயலரின் முகம், கழுவிய காரட் மாதிரி சிவந்திருந்தது. சாவி கேட்டு வந்தார். பேராயர்தான் தான் சொல்லவில்லை என்றாரே என்று அக்கா சொன்னாள்.

"சொல்லலைன்னுதான் சொன்னாரு. இருன்னும் சொல்லலீல்லங்க?"

"போகச் சொல்ற ஆள் யாருன்னு தெரிஞ்சதும் போறேங்க" என்றாள் அக்கா. "அவர கூட்டிட்டு வாங்க. டீ போட்டு வைக்கறேன்."

நான் பேராயரிடமே போனேன். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல முகம். கமிட்டியில் பேசச் சொல்கிறேன் என்றார். கமிட்டி சிபாரிசுதான் செய்யுமாம், முடிவு உங்களுடையதாம் என்றேன். டிரஸ்ட்டையும் கலந்துதான் செய்ய வேண்டும் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவருக்கும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. கார் போய்விட்டது.

இதை நான் யாரையும் அவமதிக்க எழுதவில்லை. சபை பெரிதாக வேண்டும், பேராயர் வேண்டும், நாற்காலியும் வேண்டும். ஆனால் கை தூக்கிய சனங்களைக் கேட்காமல் அவர்கள் கொடுத்த வாக்கை அழிக்க எந்த நாற்காலிக்கும் உரிமை இல்லை. ஆயிரம் பேர் பாட்டுப் பாடி வரவேற்றாலும் இல்லை.

நான் புறப்படுவதற்கு முந்தின நாள் விடியற்காலையில் பெரிய சத்தம். வீட்டுக் கதவைத் திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஜன்னல் வழியாகக் குதித்து வெளியே வந்தேன். லாரி ஒன்று வாசலோடு வாசலாக ஜல்லிக்கல் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். யார் கொட்டச் சொன்னது என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. கோயில்லருந்து போன் வந்துச்சாம், ஓனர் அனுப்பிட்டாரு" என்றார் டிரைவர். பாவம், அவர் மேல் என்ன குற்றம்.

நான் ஆயரிடம் போகிறேன் என்றேன். "ஒக்காரு. அவரு தெரியாதுன்னுதான் சொல்லுவாரு" என்றாள் அக்கா, ஜன்னலுக்குள்ளிருந்து. மண்வெட்டியையும் கொழுந்துக் கூடையையும் வெளியே நீட்டினாள்.

நான் அள்ளினேன். வாசல் கொஞ்சம் விலகியதும் அவளும் வெளியே வந்து அள்ளினாள். எங்கே கொட்டுவது என்று கேட்டேன். கோயிலுக்கு முன்னால், பேராயர் கார் நிறுத்துவதற்கென்று கோடு போட்டிருந்த இடத்தைக் காட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"யாராச்சும் கேட்டா?"

"யார் கொட்டுனான்னு தெரியலைன்னு சொல்லுவோம்" என்றாள். "இங்க அப்பிடித்தான சொல்றது."

கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொட்டினோம். வெயில் வருவதற்குள் அவள் வாசல் சுத்தமாகிவிட்டது.